இரட்டை ஸ்ட்ரோலர் வாங்கப் போகிறீர்களா? என் 14,500 ரூபாய்க் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்

கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. பேசி ஒரு வழியாக முடித்திருக்கிறோம், மறுபடி கிளற எனக்குத் தெம்பு கிடையாது. ஆனால் இரண்டு மூன்று சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, எல்லாரையும் ஒரே வண்டியில் ஏற்றிவிட்டால் நன்றாக இருக்குமே என்று நினைக்கிற நெல்லைக்காரர்கள் யாராவது இருந்தால், பணத்தை அனுப்பும் முன்னால் இதை வாசித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டு நிலவரம் இதுதான். மூத்தவளுக்கு நாலு வயது, எல்கேஜி. நடுவுள்ளவனுக்கு இரண்டு. கைக்குழந்தைக்கு அப்போது மூன்று மாதம். இவங்களுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, தூத்துக்குடியில் வேலை, காலையில் பஸ் ஏறினால் ராத்திரி எட்டரைக்குத்தான் முகம் பார்க்கலாம். அத்தைக்கு முட்டுவலி. ஆக மூத்தவளைப் பள்ளிக்கூடத்தில் விடவும் கூப்பிடவும் இரண்டு வேளையும் நான்தான், தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்தபடி ஒன்று. வீடு டவுனில், ரத வீதியிலிருந்து பிரிகிற ஒரு முடுக்குக்குள். ஆட்டோ உள்ளே வராது, வந்தாலும் திரும்பாது.

ஸ்ட்ரோலர் வாங்கலாம் என்று சொன்னபோது அத்தை, "தள்ளுவண்டியா? சுண்டல் விக்கவா போற?" என்று கேட்டார்கள். அன்றைக்குச் சிரித்தேன்.

சும்மா போய் விழவில்லை, ஒரு மாதம் பார்த்தேன். இரட்டை வண்டியில் இரண்டு ரகம். இருக்கைகள் பக்கத்தில் பக்கத்தில் உள்ளது ஒன்று, பஸ் சீட் மாதிரி முன்னும் பின்னுமாக உள்ளது இன்னொன்று. பக்கத்தில் பக்கத்தில் உள்ளது தள்ள லேசு, எடை சமமாக உட்காரும், இரண்டு பிள்ளையும் தனித்தனியாகச் சாய்ந்து தூங்கலாம். ஆனால் அகலம் 75 சென்டிமீட்டரைத் தொடும், அதாவது இரண்டரை அடி. பெருமாள்புரம், மகாராஜநகர் பக்கம் கேட் வைத்த வீடும் நேர் ரோடுமாக இருக்கிறவர்களுக்கு அது சரி. எங்கள் முடுக்கில் அதைத் தள்ளிக்கொண்டு போகும்போது எதிரே ஒரு பைக் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும், அது எப்போதும் நானாகத்தான் இருப்பேன். அதனால் முன்னும் பின்னுமாக உள்ளதுதான் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு தப்பில்லை, இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். அதன் குறை நீளம். படியில் ஏற்ற முன்சக்கரத்தைத் தூக்கும்போது முன்னால் இருக்கிற பிள்ளையின் எடை முழுக்க நம் மணிக்கட்டில் வந்து விழும், அது தெரிந்துதான் போனேன்.

கைக்குழந்தைக்கு மட்டும் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றும் தெரியும். கழுத்து நிற்காத பிள்ளையைச் சாய்ந்த இருக்கையில் உட்கார வைத்தால் தலை முன்னால் மடிந்து நாடி நெஞ்சில் முட்டும், மூச்சுக்குழல் நெருக்கப்படும். தானாக உட்காரும் வரைக்கும், ஏறக்குறைய ஆறு மாதம், கிட்டத்தட்டத் தட்டையாகப் படுக்க வைக்கிற இருக்கை வேண்டும். கடையில் நான் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

கடையில் ஏசி, வழுவழு டைல்ஸ். ஒரு தம்பி வண்டியை ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினான், அது படகு மாதிரிப் போனது. பின்சீட்டின் முதுகுப் பக்கத்து நாடாவைத் தளர்த்தி, "பாருங்கக்கா, பிறந்த பிள்ளையவே போடலாம்" என்றான். படுத்தது மாதிரிதான் இருந்தது. உள்ளே பிள்ளை இல்லையே, வெறும் மெத்தை எப்படிக் கிடந்தாலும் படுத்த மாதிரிதான் இருக்கும்! அகலம் கேட்டேன். "வெறும் 55 தான்க்கா, எந்த வாசல்லயும் போயிரும்." மூத்தவள் நிற்பதற்குப் பின்னால் மாட்டுகிற பலகை தனியாக 2,000. பெட்டியில் எம்ஆர்பி 24,999 என்று ஒரு ஸ்டிக்கர், நமக்கு மட்டும் பலகையோடு சேர்த்து 14,500. கல்லாவில் இருந்த அண்ணாச்சி, "பில்லு போட்டா வரி கூட வரும்மா, எஸ்டிமேட்லயே போட்டுருதேன்" என்றார். சரி என்றேன். இந்த இடத்தில் என்னை நானே திட்டிக்கொள்கிறேன், நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

முதல் அடி வீட்டு வாசலிலேயே. பழைய வீடு, தேக்கு நிலை, இரட்டைக் கதவு, ஒரு கதவு எப்போதும் தாழ்ப்பாள் போட்டே கிடக்கும். இரண்டையும் திறந்தால் நடுவில் இருபத்தாறு அங்குலம், 66 சென்டிமீட்டர். 55 வண்டி தாராளமாகப் போக வேண்டியது. போகவில்லை. டேப் வைத்துப் பார்த்தால் 55 என்பது இருக்கைத் துணியின் அகலம்! பின்சக்கரங்களின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை 66. இடிபட்டுத் தேய்த்துத்தான் உள்ளே போனது, நிலையில் அடித்திருந்த பச்சைப் பெயின்ட் சக்கரத்துக்கு மேலே குழாயில் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்னால் மூன்று படி. வண்டி 14 கிலோ, நடுவுள்ளவன் 12, சின்னது ஐந்தரை. பிள்ளைகளை இறக்கி, வண்டியைத் தூக்கி, மறுபடி பிள்ளைகளை ஏற்றி என்று இரண்டு நாளிலேயே அதை வாசலை ஒட்டின தார்சாவில் நிறுத்திவிட்டேன், உள்ளே பட்டாசல் வரைக்கும் கொண்டுபோகவே இல்லை. ஒற்றைக் கையால் மடக்கலாம் என்று தம்பி சொன்னது உண்மைதான், அவன் கைக்கு.

அப்புறம் சக்கரம். உள்ளே பொள்ளலான பிளாஸ்டிக், ஒரு சாண் விட்டம்கூட இல்லை. கடை டைல்ஸில் சத்தமே வராத அதே சக்கரம் முடுக்கில் பதித்திருந்த கல்லில் கடகடவென்று ஆடி, முதல் நாளே தூங்கின பிள்ளையை எழுப்பிவிட்டது. சாக்கடை மூடியின் இடுக்கில் முன்சக்கரம் பக்கவாட்டில் திரும்பிச் சிக்கிக்கொள்ளும். முன்சக்கரத்தை நேராகப் பூட்டி வைக்கிற வசதி நல்ல வண்டிகளில் உண்டு, இதில் இல்லை, இருக்க வேண்டும் என்பதே எனக்கு அப்போது தெரியாது. நம் ரோட்டுக்குப் பெரிய சக்கரம்தான், ரப்பரோ காற்றடைத்ததோ, எடை கூடினாலும் பரவாயில்லை.

பின்சீட்டு? பிள்ளையைப் போட்டதும் பாதிச் சாய்வில் நின்றுவிட்டது. நாடா முழுக்கத் தளர்ந்திருந்தும் அடியில் ஒரு கம்பி தடுக்கிறது. போன் செய்தால் தம்பி, "துண்டைச் சுருட்டி அடியில வச்சுக்கோங்கக்கா" என்றான். வைத்தேன். பிள்ளை சரிந்து சரிந்து கீழே போய் நாடி நெஞ்சில் முட்ட, பத்தடிக்கு ஒரு தரம் நிறுத்தித் தூக்கிவிட்டபடிதான் நடந்தேன். அப்போதே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்த காசு மனசைப் பிடித்து இழுக்கும் பாருங்கள், இன்னும் நாலு நாள் பார்ப்போம், பழகிவிடும் என்று.

பதினேழாவது நாள். பள்ளிக்கூட வாசல். மூத்தவள் பின்னால் பலகையில் நிற்கிறாள், கைப்பிடியில் அவள் பையும் சாப்பாட்டுக் கூடையும் தொங்குகின்றன. இடுப்புப் பட்டையின் பக்கிளை நடுவுள்ளவன் ஒரு வாரத்திலேயே கற்றுக்கொண்டுவிட்டான். தோளுக்குப் பட்டையே கிடையாது, இடுப்புக்கும் கால் நடுவுக்கும் மட்டும்தான். டிக் என்று ஒரு சத்தம், அவன் இறங்கிவிட்டான். அவ்வளவுதான், முன்னால் 12 கிலோ போனதும் பின்னால் நின்ற 15 கிலோவும் பைகளும் சேர்ந்து வண்டியைப் பின்பக்கமாகச் சாய்த்தன, முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில், கைப்பிடி என் வயிற்றில் வந்து மோதியது. வாட்ச்மேன் தாத்தா ஓடிவந்து முன்னால் பிடித்து அழுத்தினார். கைக்குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மூத்தவளுக்கு முட்டியில் சிராய்ப்பு, கூடையில் இருந்த தயிர்சாதம் முழுக்கப் பின்சீட்டில்.

இதற்குக் காரணம் பிற்பாடுதான் புரிந்தது. நல்ல பலகைக்கு அடியில் அதற்கென்றே சக்கரம் இருக்கும், நிற்கிற பிள்ளையின் எடை அதன் வழியாகத் தரைக்குப் போய்விடும். எனக்கு விற்றது சக்கரமே இல்லாத வெறும் தட்டு, பின் அச்சில் இரண்டு பிளாஸ்டிக் கிளிப் போட்டுத் தொங்குகிறது. அச்சுக்குப் பின்னால் பிள்ளை நின்றால் அது ஏற்றம் இறைக்கிற கதைதான், ஒரு பக்கம் தாழ்ந்தால் இன்னொரு பக்கம் ஏறும்.

ராத்திரி தயிரைக் கழுவ இருக்கைத் துணியைக் கழற்றினேன். அடியில் குழாயின் மேல் கடையின் விலை ஸ்டிக்கர், தண்ணீர் பட்டு ஒரு ஓரம் எழும்பி நின்றது. அதற்குக் கீழே இன்னொரு எழுத்து தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன், பாதி வந்தது, தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்ததும் முழுக்க வந்தது. தயாரித்தவனே ஒட்டின லேபிள். உட்கார்ந்திருக்கிற ஒரு குழந்தையின் படம், 6 மாதம் முதல் 36 மாதம் வரை, ஒரு இருக்கைக்கு 15 கிலோ. அதன் பக்கத்தில் கைப்பிடியில் பை தொங்குகிற படம், மேலே குறுக்குக் கோடு. பிறந்த பிள்ளைக்கு ஆகாது என்று வண்டியிலேயே எழுதியிருக்கிறது, அதன் மேலேதான் விலையை ஒட்டியிருக்கிறார்கள். எத்தனையோ இடம் இருக்க, சரியாக அந்த இடத்தில்.

மறுநாள் அத்தையிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு ஆட்டோவில் வண்டியோடு போனேன். அண்ணாச்சி லேபிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதெல்லாம் சும்மா போட்டுருப்பாம்மா. எங்க வீட்டுப் பிள்ள எல்லாம் இதுலதான் வளந்துச்சு." எஸ்டிமேட் தாளைத் திருப்பிக் காட்டினார், விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று ரப்பர் ஸ்டாம்ப். "ஸ்டாம்ப் அடிச்சிருக்குல்லா?"

அடித்திருந்தால் என்ன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன், தமிழிலேயே பேசலாம். 2019-ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் கொடுக்காமல் இருப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். எனக்கு அன்றைக்குப் பதினெட்டாவது நாள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் குடியிருக்கிற ஊரிலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது, இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. பில் இல்லையே என்று பயந்தேன், ஆனால் யுபிஐயில் அனுப்பிய ரசீதில் தேதி, தொகை, கடைப் பெயர் எல்லாம் இருந்தது. பெட்டியை நல்ல வேளையாகத் தூரப் போடவில்லை. வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டுப் பொருள், எந்த மாதம் என்பதெல்லாம் பெட்டி மேல் இருக்க வேண்டும், இதில் எம்ஆர்பி ஸ்டிக்கரைத் தவிர எதுவுமே இல்லை. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, தமிழில் ஒரு பக்கம் எழுதி, பதினைந்து நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினேன்.

நாலாம் நாள் போன். இந்தத் தடவை "தாயீ" என்று கூப்பிட்டார். முழுப் பணம் முடியாது, ஓட்டின வண்டி, 11,000 தருகிறேன் என்றார். ஆணையத்துக்கே போயிருக்க வேண்டும் என்று இவங்க சொன்னாங்க, சரிதான், ஆனால் மூன்று பிள்ளைகளோடு வாய்தாவுக்கு அலையப் போவது இவங்க இல்லையே. வாங்கிக்கொண்டேன்.

இப்போது முழுக்கப் படுக்கிற ஒற்றை வண்டி ஒன்று வைத்திருக்கிறேன், சித்தி மகள் கொடுத்தது. அதற்குச் சக்கரம் வைத்த பலகை மட்டும் புதிதாக வாங்கினேன், அந்த வண்டிக்காரனே தன் வண்டிக்கென்று விற்கிறது. அதில் நடுவுள்ளவன் நிற்கிறான், மூத்தவள் கம்பியைப் பிடித்தபடி நடந்து வருகிறாள், பை என் முதுகில். வாங்குவதற்கு முன்னால் சின்னதுக்கு எத்தனை மாதம் ஆகும் வரை, நடுவுள்ளவனுக்கு எத்தனை கிலோ ஆகும் வரை என்று லேபிளைத் தேடிப் படித்தேன், சக்கரத்துக்குச் சக்கரம் டேப் பிடித்தேன், அரிசிப்பையைச் சீட்டில் வைத்து நிலையைத் தாண்டித் தூக்கிப் பார்த்தேன். சித்தி மகளுக்கு ஒரே சிரிப்பு.

பணம் வாங்கப் போன அன்று கடையில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டி வந்தது. அந்தத் தம்பி என் வண்டியின் சக்கரத்தை ஈரத்துணியால் துடைத்தான், துணியை மாட்டினான், வரிசையில் மூன்றாவதாக நிறுத்தினான். அப்புறம் விலை அடிக்கிற மெஷினை எடுத்துக்கொண்டு குனிந்தான். எங்கே ஒட்டினான் என்று நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கறுப்பும் சாம்பலும் கலந்த வண்டி அது. பின்சக்கரத்துக்கு மேலே குழாயில் ஒரு விரல் நீளத்துக்குப் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தால், அது எங்கள் வீட்டு நிலை.