செல் மாதிரி: தெர்மாகோலா, மைதா மாவா, சைனா கிராஸா?

தாவர செல், விலங்கு செல் மாதிரி செய்துவரச் சொன்னால் முக்கால்வாசி வீடுகளில் நேராகத் தெர்மாகோல் வாங்கக் கடைக்கு ஓடுகிறார்கள். வெட்டுவது சுலபம், கனமில்லை, வருஷக்கணக்கில் கெடாது. ஸ்ப்ரே பெயிண்ட் மட்டும் வேண்டாம், அதில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலை அரித்துவிடும். போஸ்டர் கலர் போதும். எனக்கு அதில் உள்ள குறை வேறு. பலகையில் பச்சைச் செவ்வகம் ஒன்று, ரோஸ் வட்டம் ஒன்று என்று ஒட்டினால், இரண்டு செல்லுக்கும் நிறமும் வடிவமும்தான் வித்தியாசம் என்பதோடு பிள்ளை நின்றுவிடும்.

மைதா மாவு (2 பங்கு மைதா, 1 பங்கு உப்பு, 1 பங்கு தண்ணீர்) செலவு குறைவு, மைட்டோகாண்ட்ரியாவின் (சுவாசம் நடந்து செல்லுக்கு ஆற்றல் கிடைக்கும் உறுப்பு) உள்மடிப்புகளைக் கையாலேயே மடித்து வைக்கலாம். ஆனால் காயும்போது விரிசல் விடும், மழைக்காலத்தில் உப்பு ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும்.

என் ஓட்டு சைனா கிராஸுக்குத்தான், அதாவது கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகருக்கு. ஜெலட்டினில் செய்தால் நம் ஊர் வெயிலில் மதியத்துக்குள் உருகி ஓடும். சைனா கிராஸ் ஒருமுறை உறைந்துவிட்டால் சுமார் 85 டிகிரி வரை இளகாது. தாவர செல்லுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதுதான் செல் சுவர். அதற்குள் ஒரு ஜிப் கவர், அது பிளாஸ்மா சவ்வு. கவருக்குள் தண்ணீர் நிரப்பிய பலூன் ஒன்று, அதுதான் செல்லுக்குள் நீர் நிறைந்த பை மாதிரி இருக்கும் பெரிய நுண்குமிழ் (வாக்குவோல்). காய்ச்சிய சைனா கிராஸில் பாதியைக் கவருக்குள் ஊற்றி லேசாக உறைந்ததும் உறுப்புகளை வைத்து மீதியை ஊற்ற வேண்டும், இல்லையென்றால் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதிர்ந்த தாவர செல்லில் நுண்குமிழே 80, 90 சதவீதம் வரை இடத்தைப் பிடித்து உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடும், பலூனை வைத்ததும் இது தானாகவே நடக்கும். விலங்கு செல்லுக்கு டப்பா கிடையாது, வெறும் ஜிப் கவர். தூக்கிப் பார்த்தால் ஒன்று விறைப்பாக நிற்கும், இன்னொன்று தொளதொளவென்று தொங்கும், செல் சுவர் எதற்கு என்று அப்புறம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

பசுங்கணிகத்துக்கு (உணவு தயாரிக்கும் பச்சை உறுப்பு) பச்சைப் பட்டாணி, தாவர செல்லில் மட்டும். மைட்டோகாண்ட்ரியாவுக்கு ராஜ்மா, இரண்டிலும். பசுங்கணிகம் இருக்கிறதே என்று தாவர செல்லில் மைட்டோகாண்ட்ரியாவை விட்டுவிடுகிறார்கள். உணவு தயாரித்தால் மட்டும் போதுமா, செடியும் சுவாசிக்க வேண்டுமே! விலங்கு செல்லில் சென்ட்ரியோலுக்கு (செல் பிரியும்போது உதவும் குழல் வடிவ உறுப்பு) இரண்டு மக்ரோனித் துண்டுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வையுங்கள். ரைபோசோமுக்கு (புரதம் தயாரிக்கும் நுண்துகள்) கசகசா தூவலாம், ஆனால் 30 மைக்ரோமீட்டர் செல்லை 30 சென்டிமீட்டராகப் பெரிதாக்கினாலும் ரைபோசோம் கால் மில்லிமீட்டர்தான் வரும், கசகசாவே அதற்குப் பெரிசு.

கண்காட்சி இரண்டு மூன்று நாள் நீண்டால் சைனா கிராஸ் தண்ணீர் விட ஆரம்பிக்கும், பூஞ்சையும் எட்டிப் பார்க்கும். அப்படியானால் தெர்மாகோலே சரி, தாவர செல்லின் உட்கருவை மட்டும் நட்டநடுவில் ஒட்டாதீர்கள்.