4,350 ரூபாய் போச்சு: வீட்டுக்கே வந்து பைக் செயின் மாத்தறவங்ககிட்ட உஷாரா இருங்க

வீட்டு வாசலுக்கே வந்து பைக் சர்வீஸ் பண்ணித் தர்றோம்னு சொல்ற ஒரு ஆப். பேர் போடல, புகார் ஓடிட்டு இருக்கு. அவங்ககிட்ட செயின் ஸ்ப்ராக்கெட் செட் (செயினும், அது ஓடற முன் பின் பல் சக்கரம் ரெண்டும்) மாத்தி 4,350 ரூபாயைக் குடுத்துட்டு, நேத்து சாயங்காலம் ஒத்தக்கால்மண்டபம் தாண்டி பொள்ளாச்சி ரோட்டுல வண்டியைத் தள்ளிட்டுப் போனவன் எழுதறேன். செயின் மாத்தறப்ப என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விலாவாரியா சொல்றேன். முதல்ல நடந்ததைக் கேளுங்க.

என்னோடது 200 சிசி வண்டி. கம்பெனியில இருந்து வர்றப்பவே ஓ-ரிங் செயின். ஒவ்வொரு கண்ணியிலயும் உள் பட்டைக்கும் வெளிப் பட்டைக்கும் நடுவுல சின்னதா கருப்பு ரப்பர் வளையம் இருக்கும். கண்ணிகளைக் கோர்க்கற பின்னைச் சுத்திக் கம்பெனியில அடைச்ச கிரீஸ் வெளிய வராம, மண்ணும் தண்ணியும் உள்ள போகாம அது பார்த்துக்கும். சாதா செயினை விட விலை ஜாஸ்தி, ஆனா உழைக்கும். எனக்கும் நல்லாவே உழைச்சுது. போன மழைக்கு அப்புறம் சத்தம் போட ஆரம்பிச்சு, செயினை டைட் வைக்கற அட்ஜஸ்டரும் கடைசிக் கோட்டுக்கு வந்துருச்சு. மாத்த வேண்டிய நேரம்தான், அதுல பொய் இல்ல.

வந்த பையனுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். ஆப் பேர் போட்ட டி-ஷர்ட், கையில கிளவுஸ், கீழ விரிக்க ரப்பர் ஷீட். அண்ணா அண்ணான்னு அவ்வளவு மரியாதை. வந்த உடனே ஸ்பேனரைத் தூக்கல. பின் ஸ்ப்ராக்கெட்டுல செயின் சுத்திப் போற இடத்துல, சரியா பின்பக்க நடுவுல, ரெண்டு விரல்ல பிடிச்சு வெளிய இழுத்தான். பல்லுல பாதி தெரிஞ்சுது.

"பாத்தீங்களாங்ணா, புது செயின்னா இப்படி இழுத்தா வராது. பின்னெல்லாம் தேஞ்சு நீண்டுருச்சு. செயினை மட்டும் மாத்துனா பத்தாதுங்ணா, முன்னாடி பின்னாடி ரெண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்துத்தான் மாத்தணும். தேஞ்ச பல்லு மேல புது செயினைப் போட்டா அதையும் தின்னுரும்."

நூத்துக்கு நூறு சரியான பேச்சு. எனக்கு நம்பிக்கை வந்தது அங்கதான். வயித்தெரிச்சலும் அங்கதான். எது சரின்னு என்கிட்ட பாடம் எடுத்துட்டு, அதுக்கு நேர் மாறா செஞ்சுட்டுப் போயிருக்கான். தெரியாம செஞ்ச வேலை இல்ல இது.

அப்புறம் சீல் பிரிக்காத அட்டைப்பெட்டியை எடுத்து என் கையிலயே குடுத்துப் பிரிக்கச் சொன்னான். உள்ள பாலிதீன் கவர்ல எண்ணெய் பூசின செயின், பெரிய ஸ்ப்ராக்கெட் ஒண்ணு, சின்னது ஒண்ணு. பெட்டி மேல ஓ-ரிங்னு அச்சு, எம்ஆர்பி, எல்லாம் பக்காவா இருந்துச்சு. போட்டோவும் எடுத்து வெச்சேன். எனக்கு ஆபீஸ் மீட்டிங், உள்ள போயிட்டேன். பக்கத்துல நின்னு காவல் காக்கறதுக்கா வீட்டுக்கு வர்ற சர்வீஸை புக் பண்றோம்?

வெளிய வந்தப்ப வேலை முடிஞ்சிருந்துச்சு. வீலைச் சுத்திக் காட்டினான், சத்தமே இல்ல. செயின் முழுக்க கிரீஸை அப்பி வெச்சிருந்தான், கண்ணி எது பட்டை எதுன்னே தெரியல. பழைய செட் எங்கப்பான்னு கேட்டதுக்கு, ஸ்கிராப்பைக் கம்பெனிக்குத் திருப்பணும்ங்ணான்னான். காலிப் பெட்டியும் வாரண்டிக்கு ஸ்கேன் பண்ணணுமாம், அதையும் பையில போட்டுக்கிட்டான். போனுக்கு ஒரு ஓடிபி வந்துச்சு. "பேமெண்ட்டுக்குங்ணா." சொன்னேன். யுபிஐ-யில 4,350 ரூபாய் போச்சு.

கொஞ்ச நாள்லயே செயின் தொங்க ஆரம்பிச்சுது. டைட் வெச்சா ஒரு வாரத்துல திரும்ப லூஸ். மேடு பள்ளத்துல ஏறி இறங்கினா கடகடன்னு கவர்ல அடிக்கும். ஆப்ல புகார் போட்டா சாட்டுல ஒரு மிஷின் "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்"ங்குது. பில்லோட படம் அனுப்பச் சொல்லுச்சு, அனுப்பினேன். அனுப்பினப்பதான் பில்லையே ஒழுங்கா படிச்சேன்: "செயின் கிட் - 1, லேபர் - 1". பிராண்ட் பேர் இல்ல, பார்ட் நம்பர் இல்ல, ஓ-ரிங்கும் இல்ல.

அப்புறம் ஒரு லேடி பேசினாங்க. செயினுக்கு ஒழுங்கா ஆயில் போட்டிருக்க மாட்டீங்க சார்னாங்க. 500 கிலோமீட்டருக்கு ஒருக்கா 90 நம்பர் கியர் ஆயில் போடறவன்கிட்ட! அடுத்த தடவை வேற ஆள் எடுத்தாரு. செயின் தேய்மானப் பொருள், அதுக்கு வாரண்டி கிடையாதுன்னாரு. அப்ப பெட்டியை எதுக்குய்யா வாரண்டிக்குன்னு வாங்கிட்டுப் போனீங்க? அதுக்குப் பதில் இல்ல, லைன்ல பாட்டு ஓடுது.

நேத்து கதை முடிஞ்சுது. ஸ்பீட் பிரேக்கர்ல இறங்கி செகண்ட் கியர்ல முறுக்கறேன், இன்ஜின் கத்துது, வண்டி நகரல. திரும்பிப் பார்த்தா செயின் பின்னாடி ரோட்டுல கிடக்கு. நல்ல வேகத்துல போறப்ப கழண்டு முன் ஸ்ப்ராக்கெட்டுல சுத்திக்கிட்டிருந்தா பின் வீல் அப்படியே லாக் ஆகியிருக்கும். பின்னாடி லாரி வந்துட்டு இருந்துச்சு. வேற சொல்ல வேண்டாம்.

தள்ளிட்டுப் போய்ச் சேர்ந்த பட்டறையில மெக்கானிக் அண்ணன் ஒரு வார்த்தை பேசல. செயினை மண்ணெண்ணெயில முக்கி, பிரஷ் போட்டுக் கழுவி, டியூப் லைட்டுக்கு நேரா பிடிச்சுக் காட்டினார். பட்டைக்கு நடுவுல ஒரு வளையம் இல்ல. சுத்தமான சாதா செயின். அடுத்து முன் ஸ்ப்ராக்கெட் கவரைக் கழட்டினார். உள்ள வருஷக் கணக்கான கறுப்புச் சகதி, அதுக்குள்ள பழைய ஸ்ப்ராக்கெட் அப்படியே உக்காந்திருக்கு. பல்லு ஒவ்வொண்ணும் கருக்கரிவாள் மூக்காட்டம் ஒரே பக்கமா வளைஞ்சிருக்கு.

"இதைத் தொடவே இல்லைங்களே தம்பி. இந்தப் பல்லுல ஓட்டுனா எந்தச் செயின் தாங்கும்?"

பின்னாடி இருந்த பெரிய ஸ்ப்ராக்கெட் மட்டும் புதுசு. அதுலயும் பேர் எதுவும் பொறிக்கல, லோக்கல். செயினோட ரெண்டு முனையையும் சேர்க்கற லாக்கோட கிளிப்பைக் காணோம். திருப்பிப் போட்டிருப்பான், இல்ல பழைய கிளிப்பையே அமுக்கி விட்டிருப்பான்னார். என் கையால நான் பிரிச்ச அந்தப் பெட்டிச் செட்டு அடுத்த வீட்டு வாசல்ல இன்னொருத்தர் கையில சீல் ஒட்டிப் பிரிஞ்சிருக்கும், வேறென்ன.

ராத்திரியே கூப்பிட்டேன். படம், வீடியோ, பெட்டி போட்டோ எல்லாம் அனுப்பினேன். மேனேஜர்னு ஒருத்தர் வந்தாரு. டெக்னீஷியன் எங்க ஊழியர் இல்ல சார், பார்ட்னர். பெட்டி போட்டோ ஆதாரமா எடுத்துக்க முடியாது சார். அதுக்கப்புறம் சொன்னாரு பாருங்க: "நீங்க ஓடிபி குடுத்துட்டீங்க சார். ஓடிபி குடுத்தா, புது பாகங்களைச் சரி பார்த்தாச்சு, பழைய பாகங்களை வாங்கிக்கிட்டாச்சுன்னு கஸ்டமர் ஒத்துக்கிட்டதா அர்த்தம்." பேமெண்ட்டுக்குன்னு சொல்லி வாங்கின ஓடிபி! மெசேஜைத் தேடி எடுத்துப் பார்த்தேன். வெறும் நம்பரும் "ஜாப் குளோஷர்"ங்கிற ரெண்டு வார்த்தையும்தான் இருக்கு. கடைசியா பெரிய மனசு பண்ணி, அடுத்த சர்வீஸுக்கு 200 ரூபாய் கூப்பன் தர்றாங்களாம். 4,350 ரூபாய்க்கு 200 ரூபாய் கூப்பன், அதுவும் அவங்ககிட்டயே திரும்பப் போகணும்.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல புகார் பதிஞ்சாச்சு. பதில் வரட்டும், அடுத்தது நுகர்வோர் கோர்ட்.

டிப்ஸ் விலாவாரியா எழுதறேன்னு சொன்னேன், இப்ப அதுக்கு மனசு இல்ல. அவசரத்துக்கு இதைப் பிடிச்சுக்கங்க. பழைய செட் மூணு பீஸும் உங்க கைக்கு வராம காசு குடுக்காதீங்க. பில்லுல பார்ட் நம்பர் எழுதி வாங்குங்க. வேலை முடிஞ்சதும் கிரீஸ் அப்பியிருந்தா ஒரு கண்ணியைத் துணியால துடைச்சு வளையம் இருக்கான்னு பாருங்க. முன் ஸ்ப்ராக்கெட் கவரைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க, ரெண்டு மூணு போல்ட்டுதான். கிளிப் லாக்குன்னா மூடின பக்கம் செயின் ஓடற திசையைப் பார்க்கணும், திறந்த வாய் பின்னாடி. செயின் தொய்வு எவ்வளவுன்னு பல வண்டியில பின் வீலைத் தாங்கற சுவிங் ஆர்ம்ல ஸ்டிக்கர் இருக்கும், நிறைய ரோடு பைக்குக்கு 20-ல இருந்து 30 மில்லிமீட்டர். சத்தம் வரக் கூடாதுன்னு கம்பி மாதிரி முறுக்கி விடறவன்கிட்ட வண்டியைக் குடுக்காதீங்க, பேரிங் போயிரும். ஓ-ரிங் செயினை பெட்ரோல் ஊத்திக் கழுவாதீங்க, கம்பி பிரஷ் போடாதீங்க. இன்ஜினை ஓட விட்டு கியர்ல போட்டுச் செயினைத் துடைக்கவே துடைக்காதீங்க, விரல் போயிரும்.

ஓடிபி கேட்டா எதுக்குன்னு அவனையே வீடியோவுல சொல்லச் சொல்லிட்டுக் குடுங்க.

மீதி அப்புறம். புது செட் வாங்க டவுனுக்குப் போகணும், பஸ்ஸுல.