கண்ணா, கணினியா?

வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜ்களில் பயாப்ஸி ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்போர் வாயில் ‘கிரேடு’ என்ற சொல் அடிபடும்; புற்று எவ்வளவு வீரியமானது என்பதற்கான அளவு அது. மார்பகப் புற்றுநோயில் அதை நோயியல் மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் போடுகிறார்: செல்கள் குழாய் வடிவில் உள்ளனவா, உட்கரு எவ்வளவு கோணலாகியிருக்கிறது, எத்தனை செல்கள் பிரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 மதிப்பெண். கூட்டினால் 8, 9 வந்தால் மூன்றாம் கிரேடு. ஆனால் ஒரே ஸ்லைடுக்கு இருவர் வேறு கிரேடு போடுவதும் உண்டு.

கணினி? 2011இல் ஸ்டான்ஃபோர்டு குழுவின் சி-பாத் என்ற கணினி நிரல் ஸ்லைடுப் படங்களில் 6,642 அம்சங்களை அளந்தது. புற்றுச்செல்லைவிடச் சுற்றியுள்ள இணைப்புத் திசுதான் ஆயுளைப் பற்றி அதிகம் சொன்னது. நாம் வீட்டையே பார்க்க, அது தெருவைப் பார்த்திருக்கிறது! சரி, ஸ்லைடின் சாயம் லேபுக்கு லேப் மாறினால் கணினி தடுமாறும், பழகிய கண் சமாளிக்கும். என்னைக் கேட்டால், நடுவில் நிற்கும் இரண்டாம் கிரேடு இழுபறிக்கு மட்டும் கணினியைக் கூப்பிடலாம்.