1811 என்ற முகப்புத்தாளுடன் விற்பனைக்கு வரும் ஹார்ஸ்பர்க் நூல் பற்றி ஓர் எச்சரிக்கை

சிங்கப்பூரில் பழைய கப்பல் நூல்களையும் கடல்வழி நூல்களையும் தேடிச் சேர்க்கும் தமிழ் அன்பர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் எழுதிய கடல்வழி நூலின் இரண்டாம் பகுதி, 1811ஆம் ஆண்டின் முதற்பதிப்பு என்ற உறுதியுடன் 2,400 சிங்கப்பூர் வெள்ளிக்கு எனக்கு விற்கப்பட்டது. உண்மையில் அது கால் நூற்றாண்டு பிந்திய பதிப்பு ஒன்றின் உள்தாள்களுக்கு முன்னால், அண்மையில் அச்சடித்த ஒரு பொய் முகப்புத்தாளை ஒட்டி உருவாக்கிய படி. பணத்தின் பெரும்பகுதியை நான் மீட்டுவிட்டேன். ஆனால் திருப்பிக் கொடுத்த அதே படி, அதே வர்ணனையுடன் மறுபடியும் விற்பனைக்கு வந்திருப்பதைப் பார்த்த பிறகு, இதை என்னோடு வைத்துக்கொள்வது முறையாகாது என்று தோன்றியது.

இந்த நூலுக்கு நம் ஊரில் ஏன் இத்தனை மதிப்பு என்பதை அறிந்தவர்களுக்கே, மோசடி எந்த இடத்தில் கைவைத்திருக்கிறது என்பது விளங்கும். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் பிறந்த ஹார்ஸ்பர்க், 1786இல் 'அட்லஸ்' என்ற கப்பலில் பணியாற்றியபோது, தவறான வரைபடங்களை நம்பிச் சென்ற அந்தக் கப்பல் டியகோ கார்சியா தீவில் மோதி உடைந்தது. அதன் பிறகு தாம் சென்ற வழிகளிலெல்லாம் ஆழம், நீரோட்டம், காற்று, பாறை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டே வந்தவர், அந்தக் குறிப்புகளைத் தொகுத்து 1809இலும் 1811இலும் இரண்டு பகுதிகளாக லண்டனில் வெளியிட்டார். 1810இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தன் நீர்ப்பரப்பு வரைவாளராக, அதாவது கடல் வரைபடங்களுக்குப் பொறுப்பானவராக, நியமித்தது. 'இந்தியா டைரக்டரி' என்ற பெயரில் நூல் திருத்தப்பட்டுப் பல பதிப்புகள் கண்டது. நான்காம் பதிப்பு வெளிவந்த 1836இலேயே அவர் காலமானார். பெட்ரா பிராங்காவில் ஜான் டர்ன்புல் தாம்சன் கட்டி 1851இல் ஒளியேற்றப்பட்ட கலங்கரை விளக்கம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் நிற்கும் விளக்குக்குப் பெயர் தந்தவரின் நூல், அதிலும் முதற்பதிப்பு என்றால், இங்குள்ள சேகரிப்பாளர் எவரும் நின்று பார்ப்பார். விற்பவருக்கும் அது தெரியும்.

எனக்கு விற்றவர் கடை வைத்திருப்பவர் அல்லர். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்தபடியே இணையம் வழியாக விற்பவர். விளம்பரம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் தமிழர் என்று தெரிந்தவுடன் பேச்சு முழுவதும் தமிழுக்கு மாறியது. "அண்ணே, நம்ம ஆளு கையிலதான் இது போகணும்னு இருந்தேன்" என்றார். தம் குடும்பம் நாகப்பட்டினத்திலிருந்து வந்ததென்றும், முன்னோர் ஒருவர் கப்பலில் செராங்காக, அதாவது இந்திய மாலுமிகளின் தலைவராக, இருந்தபோது ஓர் ஆங்கில மாலுமியிடமிருந்து இந்த நூலைப் பெற்றாரென்றும், முகப்புத்தாளின் மேல் மூலையில் உள்ள கையெழுத்து அந்த மாலுமியுடையதென்றும் சொன்னார். நாகப்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை ஆகிய துறைகளிலிருந்து மலாக்கா நீரிணைக்கு நம்மவர் கப்பலோட்டிய வரலாற்றை நேசிக்கும் எவரையும் இந்தக் கதை தொடும். அது தொடுவதற்காகவே சொல்லப்பட்டது என்பதை இப்போது உறுதியாகச் சொல்கிறேன்.

அட்டை, முதுகு, முகப்புத்தாள், உள்பக்கம் ஒன்று ஆகியவற்றின் படங்கள் மட்டும் விளம்பரத்தில் இருந்தன. சிங்கப்பூர் நீரிணையைப் பற்றிய பக்கங்களின் படங்களைக் கேட்டேன். நூலின் முதுகு தளர்ந்திருப்பதால் நடுவில் விரித்தால் தையல் விட்டுவிடும் என்று பதில் வந்தது. புளோக்கின் கீழ்த்தளத்தில் சந்தித்தபோதும், நூல் அவர் கையிலேயே இருந்தது. முகப்புத்தாளையும் அதை அடுத்த சில தாள்களையும் அவரே திருப்பிக் காட்டினார். வேறொருவர் முன்பணம் தரத் தயாராக இருக்கிறார் என்றும் சொன்னார். "1811 முதற்பதிப்பு, இரண்டாம் பகுதி, முழுமையானது, குறையிருந்தால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதித் தரும்படி கேட்டேன், தந்தார். அதன் பிறகே பேநவ் என்ற மின்னணுப் பணமாற்று வசதி மூலம் பணம் அனுப்பினேன். பின்னால் என் கையில் நின்ற ஒரே சான்று அந்தச் செய்திதான்.

வீட்டில் மேசைமேல் பஞ்சுத் தலையணை வைத்து நூலைப் பாதியளவு மட்டும் விரித்தேன். தையல் உறுதியாகவே இருந்தது. நேராகச் சிங்கப்பூர் நீரிணைப் பகுதிக்குச் சென்றேன். அங்கே, தீவின் தென்கரையில் உள்ள ஆங்கிலேயக் குடியேற்றத்தைப் பற்றியும் அதன் துறைமுகத்தைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ராஃபிள்ஸ் இந்தத் தீவில் கால் வைத்தது 1819 ஜனவரியில். சுல்தான் ஹுசேனுடனும் தெமெங்கோங் என்ற பதவியிலிருந்த மலாய்த் தலைவர் அப்துல் ரஹ்மானுடனும் உடன்படிக்கை கையெழுத்தானது பிப்ரவரி 6இல். 1811இல் அச்சான நூல் ஒன்று, எட்டு ஆண்டுகள் கழித்து உருவாகப்போகும் குடியேற்றத்தின் துறைமுகத்தில் எங்கே நங்கூரம் இடலாம் என்று சொல்ல வழியே இல்லை. அந்த ஒரு பத்தி போதுமானதாக இருந்தது. ஆயினும், விற்றவர் மறுப்பார் என்று தெரிந்ததால், மற்றவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன்.

ஆங்கிலேயத் தாள் ஆலைகளில் 1794க்குப் பிறகு தாளின் நீர்க்குறியில் ஆண்டையும் சேர்க்கும் வழக்கம் பரவியது. தாளை ஒளிக்கு எதிரே பிடித்தால் அந்த எண் தெரியும். அச்சுக்குப் போகும் தாள் அச்சான ஆண்டுக்குச் சற்று முந்தியதாக இருக்கலாம். பிந்தியதாக இருக்கவே முடியாது. உள்தாள்களில் ஓரிடத்தில் 1834 என்ற எண் தெளிவாகத் தெரிந்தது. அதனால் இது 1836ஆம் ஆண்டு நான்காம் பதிப்பின் உடல் என்ற முடிவுக்கு வந்தேன். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தின் லீ கொங் சியன் மேற்கோள் நூலகத்தில் நம் வட்டாரத்தைப் பற்றிய பழைய நூல்கள் பாதுகாக்கப்படுகின்றன. அரிய நூல்கள் பலவற்றின் மின்படிகளை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கவும் முடிகிறது. ஒரு பதிப்பை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டியவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த வசதியைப் பயன்படுத்தலாம்.

முகப்புத்தாளே மிகவும் வருத்தம் தந்தது. பழைய நூலில் முகப்புத்தாள் முதல் தாள்மடிப்போடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். தனித்தாளாக இருப்பதும் உண்டு என்பதால் அதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல முடியாது. இந்தத் தாள், வெட்டி எடுத்த ஒரு பழைய தாளின் அடிக்கட்டையில் பசை தடவி ஒட்டப்பட்டிருந்தது. அறையை இருட்டாக்கிப் புற ஊதாக் கைவிளக்கைக் காட்டியபோது, உள்தாள்கள் மங்கலான மஞ்சளாகவே இருக்க, முகப்புத்தாள் மட்டும் நீலவெண்மையாக ஒளிர்ந்தது. தாளை வெள்ளையாகக் காட்டுவதற்காகச் சேர்க்கும் வேதிப்பொருள் இப்படி ஒளிரும். அது தாள் தயாரிப்பில் புழக்கத்துக்கு வந்தது ஏறத்தாழ 1950க்குப் பிறகுதான். மேலே தெரிந்த பழுப்பு நிறம் பூசியது. அடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து எழுத்துகளைப் பார்த்தேன். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த தாளில் எழுத்து தாளுக்குள் சற்றே அழுந்தியிருக்கும். பின்பக்கத்தை விரலால் தடவினாலே அந்த அழுத்தம் தெரியும். இங்கே தாள் மழமழவென்று இருந்தது. எழுத்துகள் சிறுசிறு நிறப்புள்ளிகளால் ஆனவையாக இருந்தன.

மேல் மூலையில் இருந்த கையெழுத்தும் அதே நிறப்புள்ளிகளால்தான் ஆகியிருந்தது. அதாவது, எங்கோ உள்ள உண்மையான 1811 படி ஒன்றின் முகப்பை, அதில் யாரோ மையால் எழுதிய பெயரோடு சேர்த்துப் படமெடுத்து, அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள். செராங் தாத்தாவுக்கு நூலைக் கொடுத்த மாலுமியின் கையெழுத்து என்று எனக்குக் காட்டப்பட்டது அதுதான். பணம் போனதைவிட, கப்பலில் உழைத்து உயிர்விட்ட நம் லஸ்கர்களின் (இந்திய மாலுமிகளின்) பெயரை ஒரு பொய்த்தாளுக்குச் சான்றாக நிறுத்தியதை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை.

முகப்புத்தாளின் நகல் இருப்பதே குற்றமன்று. பழைய நூல்களில் முதல் தாளும் கடைசித் தாளும் கிழிந்து போவது இயல்பு. நாணயமான வணிகர்கள் நகல் தாள் சேர்த்ததை விவரத்தில் எழுதி, அதற்கேற்ப விலையைக் குறைத்துத்தான் விற்கிறார்கள். 1836ஆம் ஆண்டுப் பதிப்பு முகப்பில்லாதது என்று சொல்லி நியாயமான விலைக்குத் தந்திருந்தால் மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பேன். அது உண்மையில் நல்ல நூல். ஆண்டை மாற்றும்போது நூலின் சாட்சியமே மாறிவிடுகிறது. கம்பெனி இங்கே வருவதற்கு முன்பு இந்த நீரிணையைக் கடந்த மாலுமிக்கு என்ன தெரிந்திருந்தது என்பதற்கு 1811ஆம் ஆண்டுப் பதிப்பு ஒரு சான்று. அந்த ஆண்டுக்குப் பிந்திய செய்திகளை அதன் பெயரில் ஏற்றிவிட்டால், நாளை ஒரு மாணவர் அந்தப் படியைப் பார்த்து எழுதும் கட்டுரையும் பொய்யாகும்.

அதே விற்பனையாளரிடமிருந்து, அதே நாளில், ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதிய ஆய்வையும் 180 வெள்ளிக்கு வாங்கியிருந்தேன். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஹார்னெல், கட்டுமரம் முதலான நம் கரையோரக் கலங்களை நேரில் பார்த்து வரைந்தவர். வங்காள ஆசியக் கழகத்தின் ஆய்வுத்தொடரில் 1920இல் வந்த அந்த ஆய்வு, தொகுதியின் 139ஆம் பக்கத்தில் தொடங்கி 256ஆம் பக்கத்தில் முடிகிறது. முதற்பக்க எண்ணைக் கண்டு குறைப்படி என்று ஐயப்பட வேண்டியதில்லை. என் படியில் எழுத்துப் பக்கங்கள் முழுமையாக இருந்தன. படத்தாள்கள் சில கூரிய கத்தியால் அடியோடு வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. படங்களைத் தனித்தனியாகச் சட்டமிட்டு விற்றால் நூலைவிட அதிகப் பணம் கிடைக்கும் என்பதற்காக இப்படிச் செய்பவர்கள் உண்டு. சுவருக்கு அழகாகப் படகுப் படம் வாங்குவோர், அது எந்த நூலிலிருந்து வெட்டப்பட்டது என்று ஒரு முறையாவது கேட்க வேண்டும்.

நான் படங்களை அனுப்பி விளக்கம் கேட்டபோது, "அண்ணே, இருநூறு வருசப் புத்தகம்னா அப்படி இப்படித்தான் இருக்கும்" என்றார். நீர்க்குறியின் படத்தை அனுப்பியதும், தாமும் இப்படித்தான் வாங்கியதாகச் சொன்னார். அப்படியானால் குடும்பச் சொத்து என்ற கதை என்னவாயிற்று என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பிறகு அழைப்புகளையும் எடுக்கவில்லை.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடினேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது ஏற்கிறது. இருதரப்பும் ஒப்பினால் 30,000 வரை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை, நாமே பேசலாம். விற்பனையாளர் எழுத்தில் கொடுத்த வாட்ஸ்அப் உறுதி, பணம் அனுப்பிய பதிவு, புற ஊதா ஒளியில் எடுத்த படங்கள் ஆகியவற்றை வரிசைப்படுத்திக் கொடுத்தேன். விசாரணை வரை போகவில்லை. தொடக்கச் சந்திப்பிலேயே, நூலைத் திருப்பிப் பெற்றுக்கொண்டு 2,000 வெள்ளி தர அவர் ஒப்புக்கொண்டார். பொய் முகப்பை நீக்கிவிட வேண்டும், இல்லையேல் அதன் பின்பக்கத்தில் நகல் என்று பென்சிலால் எழுத வேண்டும் என்று கேட்டேன். அதற்கு அவர் இசையவில்லை. உடன்படிக்கையிலும் அது இடம்பெறவில்லை.

அறியாமல் விற்றிருந்தால்கூட, அறிந்த பிறகு அதே சொற்களில் அதை மறுபடியும் விற்பனைக்கு வைப்பது வேண்டுமென்றே செய்யும் ஏமாற்று. புதிய விளம்பரத்தில் பெயர் வேறு, விலை 2,800 வெள்ளி, படத்தில் இருப்பது அதே முகப்புத்தாள். ஆகவே அந்தப் படியின் அடையாளங்களைத் தருகிறேன். முதுகும் மூலைகளும் பழுப்புத் தோல், அட்டைப்பரப்பு நீலமும் சிவப்பும் கலந்த பளிங்குத்தாள். முதுகில் சிவப்புத் தோல் பட்டை. அதன் கீழ் விளிம்பு உரிந்திருக்கும். கடைசிச் சில தாள்களின் கீழ்ப்பக்கம் ஊடுருவிச் செல்லும் ஒரு பூச்சித்துளை, முகப்புத்தாளிலோ அதை அடுத்த தாள்களிலோ இல்லை. முன் அட்டையின் உட்புறத்தில் பெயர்ச்சீட்டு ஒன்றைப் பெயர்த்தெடுத்த செவ்வகத் தடம் உண்டு.

யாரேனும் இதை உங்களுக்குக் காட்டினால், சிங்கப்பூர் நீரிணைப் பக்கங்களைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முகப்புத்தாளின் மீது உங்கள் கையாலேயே புற ஊதா விளக்கைப் பிடித்துப் பாருங்கள். மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், விற்றவருடன் நடந்த உரையாடலை அழித்துவிடாமல் வைத்துக்கொண்டு எனக்குத் தெரிவியுங்கள். நான் எடுத்த படங்கள் அனைத்தும் தேதியுடன் என்னிடம் உள்ளன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும், நீங்கள் பதியும் கோரிக்கையோடு இணைப்பதற்கும் அவற்றைத் தருகிறேன்.