குளிர்காலக் கலங்கலில் பாஸ் மீன்: எங்கே நிற்பது, எதை வீசுவது?

பிப்ரவரி மாதம், வடக்கு அலபாமாவில் நாலைந்து நாள் விடாத மழை. சனிக்கிழமை வெயில் எட்டிப் பார்க்கிறது. ஆனால் கன்டர்ஸ்வில் ஏரி செம்மண் நிறத்தில் கரை முட்ட நிற்கிறது. தண்ணீரில் வெப்பமானியை விட்டால் 47 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டுகிறது. இந்தக் கோலத்தைப் பார்த்ததும் ஹன்ட்ஸ்வில் பக்கம் இருக்கும் நம் ஆட்களில் பலர் தூண்டிலை கராஜிலேயே விட்டுவிடுகிறார்கள். அது தேவையில்லாத விரதம். லார்ஜ்மவுத் பாஸ் கரைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும் நாட்களில் இதுவும் ஒன்று. எங்கே நிற்கிறோம், எதை வீசுகிறோம் என்ற இரண்டைச் சரியாக முடிவு செய்ய வேண்டும். இதில் இடம்தான் பெரிது என்பது என் கட்சி. கொக்கியோடு வீசும் செயற்கை இரை அடுத்ததுதான். கடையில் போய் நிற்கும்போது நாம் எல்லோரும் தலைகீழாகத்தான் யோசிக்கிறோம்.

முதலில் ஏரியைப் பற்றி இரண்டு வார்த்தை. டென்னசி ஆற்றில் டி.வி.ஏ. எனப்படும் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1935-ல் தொடங்கி 1939-ல் முடித்த அணையால் உருவான ஏரி இது. மேலே நிக்கஜாக் அணை, கீழே கன்டர்ஸ்வில் அணை, நடுவில் சுமார் 75 மைல் நீளம், ஏறக்குறைய 69,000 ஏக்கர். கடல் மட்டத்திலிருந்து நீர்மட்டம் கோடையில் 595 அடி, குளிர்காலத்தில் 593 அடி. வித்தியாசம் வெறும் இரண்டடிதான். அதனால் இங்கே வெள்ளம் வந்தால் தண்ணீர் காட்டுக்குள் மைல் கணக்கில் ஏறுவதில்லை. அணைகள் திறக்கப்படுவதால் நீரோட்டம் கூடும், கலங்கல் கூடும், மட்டம் கொஞ்சம் உயரும். கீழே சொல்லப்போகும் பல முடிவுகள் இந்தக் குணத்தை வைத்துத்தான்.

தெளிந்த நீரைத் தேடி ஓடுவதா, கலங்கலிலேயே நிற்பதா?

படகு வைத்திருப்பவர்களுக்கு முதலில் வரும் சபலம், தெளிந்த தண்ணீரைத் தேடி ஓடுவது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தெளிந்த நீரில் மீன் இரையைத் தூரத்திலிருந்தே பார்க்கும், துரத்தியும் வரும். கலங்கலில் கண் உதவாது. உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோட்டால் அதிர்வைப் பிடித்து, மூக்கருகே வந்ததை மட்டும்தான் கவ்வும்.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மண் கலந்த நீர் வெயிலை மேல்மட்டத்திலேயே உறிஞ்சிக்கொள்ளும், அதனால் ஆழமில்லாத இடங்களில் தெளிந்த நீரைவிடச் சீக்கிரம் சூடேறும். 47 டிகிரியில் கிடக்கும் மீனுக்கு மதியத்துக்குள் இரண்டு மூன்று டிகிரி ஏறினாலே பெரிய விஷயம். அப்புறம், ஒரு இடத்தில் குடியிருக்கும் பாஸ், தண்ணீர் கலங்கியது என்பதற்காக மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஓடைக்குப் போவதில்லை. அதே இடத்தில் மேலே ஏறி, கல்லோடும் கட்டையோடும் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே கலங்கலில் மீனைத் தேட வேண்டிய பரப்பு சுருங்குகிறது. தெளிந்த மூலைகளிலோ ஊரில் உள்ள அத்தனை படகும் வந்து நிற்கும், மீனும் ஆழத்தில் கிடக்கும்.

இரண்டுக்கும் நடுவில் தீர்ப்பு சொல்வது வெப்பமானி. மழை ஓய்ந்த உடனே புதிதாக வந்து சேரும் குளிர்ந்த கலங்கல் மிக மோசமானது. கலங்கல் ஏற ஏற வெப்பம் இறங்கினால் அந்த இடத்தை விட்டு நகர வேண்டும். கலங்கல் அப்படியே இருந்து வெப்பம் ஏறினால் நிற்க வேண்டும். கூடவே ஒரு சின்னச் சோதனை: வெள்ளை நிற இரை ஒன்றைப் படகோரமாக மெல்ல இறக்குங்கள். ஆறு அங்குலம் வரை கண்ணுக்குத் தெரிந்தால் போதும், வீசலாம். மூன்று அங்குலத்திலேயே மறைந்தால் வேறு இடம் பாருங்கள்.

ஓடுவது என்று முடிவெடுத்தாலும் திசை முக்கியம். மழை நீர் ஓடையின் தலைப்பகுதி வழியாகத்தான் ஏரிக்குள் வருகிறது. அதனால் ஓடையின் உள்பக்கம் முதலில் கலங்கும், முதலில் தெளியவும் செய்யும். ஆற்றின் பிரதான ஓட்டம் பிறகு கலங்கி, நீண்ட நாள் கலங்கியே கிடக்கும். மழை நின்ற மறுநாள் ஓடையின் வாய்ப்பக்கம், மூன்று நான்கு நாள் கழித்து உள்பக்கம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பழைய நீர்த்தாவரங்கள் மிச்சமிருக்கும் இடங்களையும் விடக்கூடாது. செடி இருக்கும் இடத்தில் மண் கீழே படிந்து, சுற்றிலும் கலங்கிக் கிடக்கும்போதே அங்கே மட்டும் கொஞ்சம் தெளிந்து நிற்கும்.

மூழ்கிய புதரா, கல் கரையா?

நீர் ஏறியதும் கரையோரப் புதர்கள் மூழ்கி நிற்பதைப் பார்த்தால் கை தானாக அங்கே வீசும். டெக்சாஸின் சாம் ரேபர்ன் ஏரி போன்ற இடமாக இருந்தால், அதுவும் வசந்தமாக இருந்தால், நானும் அங்கேதான் வீசுவேன். அந்த ஏரியின் வழக்கமான மட்டம் 164.4 அடி. வெள்ளத்தில் அது பல அடி ஏறும், புதர்க்காடே தண்ணீருக்குள் போய்விடும்.

ஆனால் குளிர்காலத்தில், அதிலும் மட்டம் அதிகம் ஏறாத கன்டர்ஸ்வில்லில், எனக்குக் கல் கரைதான். ஓடைகளின் குறுக்கே சாலை போட்டிருக்கும் காஸ்வேக்களின் இரு பக்கமும் கொட்டியிருக்கிறார்களே, அந்த ரிப்ராப் கற்களைச் சொல்கிறேன். காரணம் எளிமையானது. தட்டையான புதர்க்கரையில் தண்ணீர் ஓரடி ஏறினால், ஓரத்திலேயே இருக்க விரும்பும் மீன் ஐம்பது கெஜம் நகர வேண்டியிருக்கும். குளிரில் மந்தமாகக் கிடக்கும் மீன் அந்த வேலையைச் செய்யாது, நாளைக்கே வடிந்துவிடக்கூடிய இடத்துக்குப் போகவும் தயங்கும். சரிவான கல் கரையில் அதே மீன் ஓரடி மேலே ஏறினால் போதும். பின்னால் பத்தடி ஆழம் எப்போதும் தயாராக இருக்கிறது. கல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்கிறது. இடுக்குகளில் கிராஃபிஷ் என்கிற நன்னீர் இறால் குடியிருக்கிறது. ஷாட் என்கிற சிறு மீன் கூட்டம் கல்லை ஒட்டி நகர்கிறது. அதற்கு மேல், காஸ்வேயில் பாலத்துக்கு அடியிலுள்ள திறப்பில் ஓட்டம் பாய்ந்து, மூலைகளில் சுழன்று தணிகிறது. வெள்ளத்தில் மீன் தேடுவதே அப்படிப்பட்ட தணிந்த மூலையைத்தான்.

இதற்கு ஊரறிந்த சாட்சி இரண்டு உண்டு. 2014 பிப்ரவரியில் பாஸ்மாஸ்டர் கிளாசிக் என்ற பெரிய பாஸ் மீன்பிடிப் போட்டி இங்கே நடந்தபோது, பதினோராவது இடத்தில் இருந்த ராண்டி ஹௌவெல் கடைசி நாளில் ஸ்பிரிங் கிரீக் பாலத்தை ஒட்டிய கற்களில் மொத்தம் 29 பவுண்ட் 2 அவுன்ஸ் எடைக்கு மீன் பிடித்துக் கோப்பையைத் தட்டிச் சென்றார். 2020 மார்ச்சில் மறுபடி இங்கே நடந்த கிளாசிக்கில் ஹேங்க் செர்ரி முதல் நாளே 29 பவுண்ட் 3 அவுன்ஸ். மூன்று நாளில் மொத்தம் 65 பவுண்ட் 5 அவுன்ஸோடு கோப்பை அவருக்குத்தான். அவருக்குக் கைகொடுத்தது பிரவுன்ஸ் கிரீக் காஸ்வே. ஹௌவெல் நம்பியது கிராங்க்பெய்ட்டை, அதாவது முன்னால் உள்ள உதடுபோன்ற தகட்டால் மூழ்கி ஆடிவரும் மீன் வடிவ இரையை. செர்ரி ஜெர்க்பெய்ட் (வெட்டி வெட்டி இழுக்கும் ஒல்லியான மீன் வடிவ இரை), ஜிக் (தலையில் எடை வைத்த, குஞ்சம் கட்டிய கொக்கி), சாட்டர்பெய்ட் (முன்னால் அதிரும் தகடு வைத்த ஜிக்) என்று மாற்றி மாற்றி வீசினார். இரை வேறு, ஆள் வேறு, வருடம் வேறு. கரை மட்டும் ஒரே வகை. இடம்தான் பெரிது என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கல் கரை முழுக்க மீன் இருக்காது. வடகாற்று படாத, தெற்கு வெயில் விழுகிற பக்கம், பாலத்தின் மூலைகள், சின்னக் கல் முடிந்து பெரிய கல் தொடங்கும் இடம், தண்ணீருக்குள் சரிந்து கிடக்கும் ஒற்றைப் பாறை. இவற்றில் நேரத்தைச் செலவழித்தால் போதும்.

ஜிக்கா, மற்றவையா?

இனி இரை. 50 டிகிரிக்குக் கீழே, ஓரடிக்குள் மறையும் கலங்கலில் என் முதல் தேர்வு கருப்பும் நீலமும் கலந்த ஜிக். எடை அரை அவுன்ஸ், பின்னால் கொக்கியில் செருகும் பருமனான மென்பிளாஸ்டிக் டிரெய்லர், கூடவே கிலுகிலுக்கும் ராட்டில் ஒன்று. கலங்கலில் வண்ண நுணுக்கம் எடுபடாது. அடர்ந்த கருநிழல்தான் எடுபடும். டிரெய்லர் பருமனாக இருந்தால் தள்ளும் தண்ணீரும் அதிகம், விழும் வேகமும் குறையும். ரொம்பத் துள்ளும் டிரெய்லர் மட்டும் இந்தக் குளிருக்கு வேண்டாம்.

கரைக்கு இணையாக வீசுங்கள். குறுக்கே வீசினால் இரை மீன் இருக்கும் பகுதியில் சில நொடிதான் இருக்கும். இணையாக வீசினால் வழி முழுக்க அங்கேயே இருக்கும். தூண்டில் தண்டைப் பக்கவாட்டில் மெல்ல இழுத்து, கல்லில் முட்டியதும் நிறுத்துங்கள். ஜிக் கல்லிலிருந்து நழுவி அடுத்த இடுக்கில் விழும் அந்த ஒரு நொடியில்தான் பெரும்பாலும் கடி விழும். கடி என்றால் வெடுக்கென்று இழுக்கும் என்று நினைக்க வேண்டாம். ஈரத்துணி ஒன்று சிக்கியதுபோல தூண்டில் நரம்பு லேசாகக் கனக்கும், அல்லது கனமே இல்லாமல் பக்கவாட்டில் நகரும். கல்லில் சிக்கினால் நரம்பு இறுகும், இதுவோ சற்று மெத்தென்று இருக்கும். சந்தேகம் வந்தாலே கொக்கியைப் பலமாக இழுத்துப் பதித்துவிடுங்கள். கலங்கலில் மீன் நரம்பைப் பார்க்கப் போவதில்லை, ஆகவே 17 முதல் 20 பவுண்ட் தாங்கும் ஃப்ளோரோகார்பன் நரம்பைத் தாராளமாகப் போடலாம்.

ஜிக்கின் குறை, அது மெதுவானது, கல் இடுக்கு அதை விழுங்கவும் செய்யும். எடையை 3/8 அவுன்ஸாகக் குறைத்தால் சிக்குவது குறையும். ஆனால் ஓட்டம் பலமாக இருக்கும் பால மூலையில் 3/8 தரையில் நிற்காது. அங்கே இழப்புக்குத் தயாராகி அரை அவுன்ஸே போட வேண்டியதுதான்.

மீன் எங்கே என்றே தெரியாத காலை வேளையில் ஜிக்கை முந்துவது கிராங்க்பெய்ட். ஆறடி ஆழம் வரை மூழ்குவது ஒன்று, இன்னும் மேலோட்டமான கரைக்குச் சதுர உதடு கொண்டது ஒன்று. சிவப்பு, அல்லது கருத்த முதுகோடு பளிச்சென்ற மஞ்சள்பச்சை. கல்லில் மோதாமல் ஓடும் கிராங்க்பெய்ட்டால் பயனில்லை. மோதி, திசை தவறி, ஒரு கணம் தடுமாற வேண்டும். அந்தத் தடுமாற்றத்தில்தான் மீன் வாயைத் திறக்கிறது. ஒரு மீன் கிடைத்த இடத்தில் கிராங்க்பெய்ட்டை வைத்துவிட்டு ஜிக்கை எடுப்பேன், ஏனென்றால் பெரும்பாலும் அங்கே இன்னொன்று இருக்கும்.

கம்பியில் தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட் கலங்கலுக்கென்றே செய்ததுபோல் பலரும் பேசுவார்கள். பாதி உண்மை. வட்டமான கொலராடோ தகடு, நீண்ட வில்லோ தகட்டைவிட அதிகம் தண்ணீரைத் தள்ளும், அதிர்வு கைக்கே வரும். தகடு சுழல்வது தெரியும் அளவுக்கு மட்டும், மிக மெதுவாகச் சுற்ற வேண்டும். ஆனால் அதன் உண்மையான மேடை புதரும் கட்டையும்தான், 50 டிகிரிக்கு மேல் வெப்பமும் காற்றும் இருக்கும் நாள்தான். சாட்டர்பெய்ட்டுக்கும் இதே வெப்பக் கணக்கு. நீர் சூடேறத் தொடங்கிய மதியத்தில், சற்றே தெளிந்த மூலையில் அது ஜிக்கையே தோற்கடிக்கும்.

ராட்-எல்-ட்ராப் போன்ற, உதடில்லாத கிராங்க்பெய்ட்டை நீர்ச்செடி மிச்சமிருந்தால் மட்டும் எடுங்கள். செடியில் சிக்கவிட்டு வெடுக்கென்று பிடுங்குவதுதான் இந்த ஏரியின் குளிர்கால வித்தை. செடி இல்லாத வெறும் சேற்றுத் தரையில் அதற்கு வேலையில்லை. ஜெர்க்பெய்ட் மீன் கண்ணால் பார்த்து அடிக்க வேண்டிய இரை. செர்ரிக்கு அது வேலை செய்தது. கலங்கல் கெட்டியாக இருக்கும் நாளில் நான் அதைத் தொடமாட்டேன்.

படகா, கரையா?

மற்ற நாட்களில் இது ஒப்பிடவே முடியாத போட்டி. இந்த ஒரு நிலையில் மட்டும் படகு இல்லாதவருக்குப் பெரிய நஷ்டமில்லை. மீனே கல்லோடு ஒட்டி நிற்கிறது. கல்லின் மேலேயே நின்று கரைக்கு இணையாக வீசுவது படகில் வருபவரைவிட நமக்குச் சுலபம். வண்டியை அனுமதித்த இடத்தில் நிறுத்துங்கள், சாலையோரத்தில் வேண்டாம். ஈரக் கல்லில் வழுக்காத காலணி அவசியம். 16 வயது ஆனவர்களுக்கு அலபாமா மீன்பிடி உரிமம் வேண்டும். இந்த ஏரியில் 15 அங்குலத்துக்குக் குறைவான லார்ஜ்மவுத் பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது.

படகில் போகிறவர்களுக்கு என் கவலையே வேறு. வெள்ளம் மரக்கட்டைகளை அடித்துக்கொண்டு வரும். பாதி மூழ்கிய கட்டை கலங்கலில் கண்ணுக்குத் தெரியாது. வேகத்தைக் குறைத்து, விடிந்த பிறகே கிளம்புங்கள். எஞ்சினை நிறுத்தும் கயிறு உள்ள, 26 அடிக்குக் குறைவான மோட்டார் படகை வேகமாக ஓட்டும்போது அந்தக் கயிற்றை ஓட்டுபவர் மாட்டியிருக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் கூட்டரசு விதி. 47 டிகிரித் தண்ணீரில் விழுந்தால் கைகால் மரத்துப்போக வெகுநேரம் ஆகாது, நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இதே கதிதான். லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்குக் கீழே வைக்காதீர்கள். படித்துறையிலேயே போட்டுக்கொண்டு ஏறுங்கள், கூட வருபவருக்கும் போட்டுவிட்ட பிறகு எஞ்சினைக் கிளப்புங்கள்.