பெட்டியில் 1300 எம்பிபிஎஸ், உள்ளே 150: பழைய கம்ப்யூட்டருக்கு வைஃபை அடாப்டர் வாங்குபவர்கள் கவனிக்க

பழைய கம்ப்யூட்டருக்கு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கக் கடைக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 'டிரைவர் தேவையில்லை, செருகினால் போதும், 1300 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸ்' என்று அச்சடித்த பெட்டிக்கு என் சித்தப்பா 850 ரூபாய் கொடுத்தார். (டிரைவர் என்பது கருவியை விண்டோஸ் புரிந்துகொள்ள உதவும் மென்பொருள், எம்பிபிஎஸ் வேக அளவு, கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஓடும் அலைவரிசை.) வேலை செய்யவில்லை என்று திரும்பிப் போனவரிடம், நன்றாக இருந்த யுஎஸ்பி போர்ட்டைக் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி மேலும் 1,050 ரூபாய் கறந்திருக்கிறார்கள். அதோடு விடாமல் கம்ப்யூட்டரையே ஃபார்மட் அடிக்க, அதாவது உள்ளே இருப்பதை அழித்துப் புதிதாக விண்டோஸ் போடப் பார்த்தார்கள்.

அந்த ஃபார்மட் எவ்வளவு பெரிய வினை என்பது டிடிபி வேலை (கம்ப்யூட்டரில் அச்சுக்குப் பக்கம் வடிவமைப்பது) தெரிந்தவர்களுக்குப் புரியும். சித்தப்பாவுக்குக் கோவில்பட்டியில் சின்ன டிடிபி சென்டர். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதுதான் பிழைப்பு. விண்டோஸ் 7, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7, பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்கள். அக்கா கல்யாணத்துக்கு அடித்த ஃபைலைத் திறந்து, பெயரையும் முகூர்த்தத்தையும் மாற்றி, தம்பி கல்யாணத்துக்குக் கொடுப்பதுதான் தொழிலே. 'இன்னுமா இதை வைத்திருக்கிறீர்கள், புதுசு வாங்க வேண்டியதுதானே' என்று கேட்பவர்கள் யூனிகோடு என்ற இன்றைய பொது எழுத்து முறைக்கு முந்தைய அந்த ஃபைல்களில் ஒன்றைப் புது லேப்டாப்பில் திறந்து காட்டட்டும், அப்புறம் பேசலாம்.

முடித்த வேலையைப் பிடிஎஃப் ஆக்கி சிவகாசி அச்சகத்துக்கு மெயில் செய்ய இணைப்பு வேண்டும். ஃபைபர் கனெக்‌ஷன் மாடியில் இருக்கிறது. கீழே வயர் இழுக்கக் கட்டட உரிமையாளர் சுவரில் ஓட்டை போட விடவில்லை. அதனால்தான் அடாப்டர்.

செருகியதும் நடந்தது இதுதான்: மை கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு சிடி டிரைவ் வந்தது, வைஃபை வரவில்லை. கடையில் போய்ச் சொன்னால், "அண்ணாச்சி, உங்க போர்ட் வீக்கா இருக்கு. பழைய மதர்போர்டுல இப்படித்தான்" என்றார்களாம். 650 ரூபாய்க்கு, மதர்போர்டில் மாட்டிப் புது யுஎஸ்பி போர்ட் தரும் ஒரு பிசிஐ கார்டு, மாட்டிவிட வந்த பையனுக்கு 400. மாட்டிய பிறகும் அதே சிடி டிரைவ்தான் வந்தது. உடனே அடுத்த மருந்து: "விண்டோஸ் 10 போட்டுடலாம், எல்லாம் சரியாகிடும்." டி டிரைவில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல வேளையாக அந்த நேரத்தில் சித்தப்பா எனக்கு போன் செய்தார். நான் வரும்வரை யாரையும் தொட விடாதீர்கள் என்று சொன்னேன்.

போய் முதலில் செய்தது, 'வீக்' என்று சொல்லப்பட்ட அதே பழைய போர்ட்டில் பென் டிரைவைச் செருகி ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்தது. ஒரு தடங்கலும் இல்லை.

அந்த சிடி டிரைவ் சமாச்சாரத்தில் மர்மம் ஒன்றும் கிடையாது. 'டிரைவர் தேவையில்லை' என்று விற்கப்படும் பல அடாப்டர்கள், செருகியதும் தங்களை ஒரு சிடி டிரைவாகத்தான் காட்டிக்கொள்ளும். டிரைவர் அதற்குள்ளே இருக்கும். அங்குள்ள செட்டப்பை ஓட்டி முடித்தால்தான் அது வைஃபை கருவியாக மாறும். முன்பு 3ஜி டேட்டா கார்டுகளும் இப்படித்தான் வந்தன. அதாவது டிரைவர் தேவைதான், பெட்டி பொய் சொல்கிறது.

செட்டப்பை ஓட்டினேன். இப்போது டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 52. டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்தை விண்டோஸால் சரிபார்க்க முடியவில்லை என்று பொருள். புதிய டிரைவர்கள் ஷா-2 என்ற புதிய முறையில் கையெழுத்திடப்பட்டவை. அப்டேட் போடாத விண்டோஸ் 7, அதிலும் 64 பிட் என்றால், அவற்றை ஏற்காது. சர்வீஸ் பேக் 1 என்ற தொகுப்பு அப்டேட் உள்ள கம்ப்யூட்டரில் முதலில் கேபி4490628, அடுத்து கேபி4474419 என்ற இரண்டு அப்டேட்டுகளைப் போட வேண்டும். மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாகில் இலவசமாகக் கிடைத்தவை. என் லேப்டாப்பில் இறக்கி பென் டிரைவில் கொண்டுவந்து போட்டு, ரீஸ்டார்ட் செய்ததும் முக்கோணம் போய்விட்டது. ஃபார்மட்டும் வேண்டியிருக்கவில்லை, பிசிஐ கார்டும் வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான ஏமாற்று வெளியே வந்தது. பக்கத்துக் கடைகளின் வைஃபை எல்லாம் பட்டியலில் வருகிறது, மாடியில் இருக்கும் நம் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் வரவில்லை. டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பிராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடி என்று போய்ப் பார்த்தேன். விஐடி 0பிடிஏ, பிஐடி பி711. முதல் எண் ரியல்டெக் கம்பெனியைக் குறிக்கும். இரண்டாவது எண் ஆர்டிஎல்8188ஜியு என்ற சிப்பினுடையது. அது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடும், உச்சவேகம் 150 எம்பிபிஎஸ். 5 கிகாஹெர்ட்ஸ் அதன் கண்ணுக்கே தெரியாது. சிப் மேல் எனக்குக் கோபமில்லை, 250 ரூபாய் சொல்லி விற்றிருந்தால் தாராளமாக வாங்கலாம். ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸை ஆன் செய்ததும் அது இணைந்துவிட்டது, பிடிஎஃப் அனுப்ப அந்த வேகம் போதும். 150ஐ 1300 என்று அச்சடித்து 850க்கு விற்றதுதான் திருட்டு.

கடையிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. செருகும் முனைக்குள் பாருங்கள். நான்கே நான்கு தகடுகள் இருந்தால் அது யுஎஸ்பி 2.0, அதன் வழியே போகக்கூடிய அதிகபட்சமே 480 எம்பிபிஎஸ். 1300 அதில் போகவே வழியில்லை. யுஎஸ்பி 3.0 முனையில் உள்ளே தள்ளி இன்னும் ஐந்து தகடுகள் இருக்கும். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி இருக்கிறதா என்றும் பாருங்கள், சட்டப்படி இருக்க வேண்டும். சித்தப்பாவுக்குக் கொடுத்த பெட்டியில் 'மேட் இன் சைனா' தவிர ஒன்றும் இல்லை.

வைஃபை பெயர் பட்டியலில் தெரிந்தும் இணைய மறுத்தால் அது வேறு கதை. புது ரவுட்டர்கள் சில டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை மட்டும் என்று வைக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் 7க்கு டபிள்யூபிஏ3 தெரியாது. ரவுட்டரில் அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2 என்று மாற்றிப் பாருங்கள். இதற்கெல்லாம் யாருக்கும் சர்வீஸ் சார்ஜ் கொடுக்காதீர்கள். (விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14உடன் பாதுகாப்பு ஆதரவு முடிந்துவிட்டது. அதில் பேங்க் வேலை மட்டும் பார்க்காதீர்கள்.)

ஹார்டுவேர் ஐடியையும் பெட்டியையும் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற போர்டைக் கைகாட்டினார் உரிமையாளர். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் விற்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் நியாயமற்ற வணிகம். பொருளைத் திருப்பிக் கொடுக்க பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லையென்றால் 30 நாள் வரை கணக்கு. இதைச் சொன்னதும், "என்ன தம்பி, இதுக்குப் போய் சட்டம் பேசிக்கிட்டு" என்று குரல் இறங்கியது. 850 கைக்கு வந்தது. பிசிஐ கார்டுக்கும் பையனுக்கும் கொடுத்த காசுக்கு, "அது வேலை செஞ்சதுக்கு" என்று கையை விரித்துவிட்டார். அதற்காக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். பில் இல்லாவிட்டாலும் யுபிஐயில் பணம் போன பதிவு இருப்பது இங்கே உதவுகிறது, ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

அடாப்டரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, இப்போது சித்தப்பா கடையில் வேறு ஏற்பாடு. வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரில் ரிப்பீட்டர் மோட் இருந்தது. அது மாடி வைஃபையைப் பிடித்து, ஒரு முழம் லேன் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிறது. இதற்கென்று கம்ப்யூட்டரில் எந்த வைஃபை டிரைவரும் போட வேண்டியதில்லை. புகார் எண்ணுக்குப் பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.