கன்சாஸ் சிட்டி நீக்ரோ லீக்ஸ் பேஸ்பால் அருங்காட்சியகம்: வலைக்கு அப்பால் சாட்செல் பெய்ஜ்

அமெரிக்காவில் கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக நடந்த பேஸ்பால் லீக்குகள்தான் நீக்ரோ லீக்ஸ். அவற்றின் அருங்காட்சியகத்துக்கு நான் போனதே, அங்கே ஆடிய புகழ்பெற்ற பந்தெறியாளர் சாட்செல் பெய்ஜுக்காகத்தான். உள்ளே நுழைந்ததும் கோழிக்கூண்டுக் கம்பிவலை. அதற்கு அப்பால் சின்ன மைதானம், வெண்கல வீரர்கள், பந்தெறியும் மேட்டில் பெய்ஜ். உடனே கிட்டப் போக முடியாது. கறுப்பின வீரர்களை ஒதுக்கிவைத்த வரலாற்றை முழுக்கச் சுற்றி வந்த பிறகுதான் வழி. எவ்வளவு சரியான ஏற்பாடு!

அமெரிக்காவின் பிஸ்மார்க் நகரம், மெக்சிகோ, டொமினிகன் குடியரசு என்று கூப்பிட்ட இடமெல்லாம் போய் எறிந்த மனிதர். பின்னால் நிற்கும் ஃபீல்டர்களை உட்காரச் சொல்லிவிட்டு எறிவாராம், அவ்வளவு தெனாவட்டு. கறுப்பினத்தவரை நெடுநாள் ஒதுக்கிவைத்திருந்த பெரிய லீக் (மேஜர் லீக்) அவருக்குக் கதவு திறந்தது 1948இல், 42 வயதில். அப்புறம் 1965இல், இதே ஊரில், 59 வயதில் 3 இன்னிங்ஸ் எறிந்து ஒரே ஒரு ஹிட்தான் (அடித்தவர் பத்திரமாக பேஸை அடையும் அடி) கொடுத்தார்.

கடைசியில் அந்த மேட்டருகே நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இரண்டு மணி நேரமாவது ஒதுக்கிப் போங்கள். வலைக்கு இந்தப் பக்கம் இருப்பதை அவசரமாகக் கடக்காதீர்கள்.